மூடிய தகட்டுக்குள் ஒரு பொட்டு

இந்த நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது அதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். தண்டலத்துக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திர வடிவமைப்பைக் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். என் பொறுப்பில் வெளியான வினாத்தாள்களில் ஓர் எண் தவறியதாக எவரும் சுட்டிக்காட்டியதில்லை. கரும்பலகையில் நான் கையால் வரைந்த வட்டத்தை மாணவர்கள் கவராயம் வைத்துச் சோதித்ததுண்டு; சோதித்துவிட்டுக் கவராயத்தை மூடிக்கொண்டு இடத்தில் உட்கார்ந்ததும் உண்டு. ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்தில் போய்வரும் பொறியாளர்களில் கணிசமானோர் என்னிடம் படித்தவர்கள். படப்பையில் ஷேர் ஆட்டோவில் ஏறிப் புரொபசர் வீடு என்றால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்கள். இவற்றைப் பெருமைக்காக எழுதவில்லை. இழப்பதற்கு என்னிடம் என்ன இருந்தது என்பது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரகடத்திலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு சிறு தொழிற்கூடத்தார் என்னைத் தேடி வந்தார்கள். பெரிய வண்டித் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய தகட்டுத் துண்டுகளைப் பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே நான்காம் எண் பிரஸ்ஸில் வேலை செய்தவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. அதே மாதிரி இன்னொன்று நடக்கக் கூடாது, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். விரல்களை இழந்தவருக்குப் பின்னர் வாயிலில் காவலாளி வேலை கொடுத்தார்கள். உள்ளே வருபவர்களுக்கு அவர் இடக்கையால்தான் வணக்கம் வைப்பார். அந்த வணக்கத்தைப் பெறாமல் நான் ஒருமுறையும் அந்த வாயிலைக் கடந்ததில்லை.

பிரஸ் என்பது மேலிருந்து இறங்கி அடிக்கும் கனத்த இரும்பு. கீழே மேடைமீது டை என்னும் வெட்டச்சு இருக்கும். இரண்டுக்கும் நடுவே தகட்டை நீட்டினால் அது வேண்டிய வடிவத்தில் வெட்டுப்படும். நான் வகுத்துக் கொடுத்தது மிக எளிய காப்பு: முன்புறத்தை முழுவதும் மறைத்துத் தொங்கும் ஒரு காப்புத் தகடு. அதன் கீழ்விளிம்புக்கும் மேடைக்கும் இடையே ஆறு மில்லிமீட்டர் மட்டுமே இடைவெளி இருக்கும். வேலைக்குரிய தகடு அதில் நுழையும்; விரல் நுழையாது. அந்த ஆறு மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருந்தது.

காப்புத் தகட்டைத் தாங்கும் துளைகளை இயந்திரத்தின் இரு பக்கங்களிலும் சரியான இடத்தில் போட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு அளவுகோலைப் பிடித்துக் குறிக்கச் சொன்னால் ஆளுக்கு ஓர் அளவு வரும் என்பதை அறிந்திருந்தேன். ஆகவே அளவுத் தாள் என்ற முறையை அங்கே கொண்டுவந்தேன். முழு அளவில் அச்சிட்ட தாளைப் பசை தடவி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். தாளின் மேற்கோடு, இரும்பில் கீறியிருக்கும் கோட்டின்மேல் பொருந்த வேண்டும். அதற்கு இருநூறு மில்லிமீட்டர் கீழே தாளில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அந்தக் குறியின்மேல் பஞ்ச் என்னும் கூர்முனைக் கம்பியை வைத்து, தாளோடு சேர்த்து இரும்பில் அடித்து, அங்கே துளை போட வேண்டும். யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை, தாளே அளவு. இயந்திரங்களைப் பொருத்தும் பிட்டர்களுக்கு அந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று.

தாளையே முழுவதும் நம்பும் முறையில் தாள் தவறினால் என்ன ஆகும் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் சரியாக நூறு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு போட்டு, இந்தக் கோட்டை அளந்து சரியாக இருந்தால் மட்டுமே தாளைப் பயன்படுத்தலாம் என்று தமிழில் எழுதியிருந்தேன். தாளின் மேல்மூலையில் தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை மட்டும், கல்லூரி வழக்கப்படி, ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன்.

அந்தத் தொழிற்கூடத்தின் மேலாளர் என் பழைய மாணவர். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். இயந்திரங்களைப் பின்னாலிருக்கும் புதிய ஷெட்டுக்கு மாற்றுகிறார்களாம். ஆறு பிரஸ்களுக்கும் பக்கத் தகடுகளைப் புதிதாக மாற்றியிருப்பதால் துளைகளையும் புதிதாகப் போட வேண்டுமாம். பழைய அளவுத் தாள்களில் எண்ணெய் ஊறிய ஒரே ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறதாம். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். நகல் இயந்திரம் தாளைச் சிறிது இழுக்கும் அல்லது சுருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நானே புதிதாக அச்சிட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அந்த அளவுத் தாள்களைக் கணிதத் துறையினர் பயன்படுத்திய, பக்கங்களை வடிவமைக்கும் ஒரு மென்பொருளில் அமைத்திருந்தேன். நான் தட்டெழுதிய மூலம் கல்லூரியின் பழைய கணினியோடு போய்விட்டது. என் வீட்டில் எஞ்சியிருந்தது, மென்பொருள் பக்கங்களை அமைத்து முடித்து வெளியிட்ட கோப்பு மட்டுமே. அது ஒரு விசித்திரமான கோப்பு. எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற செய்தி அதில் இருக்கும். எழுத்தின் உருவம் இருக்காது. எந்த அச்சுப்பொறிக்கும் அது நேரே புரியாது. நடுவில் ஒரு மாற்றி மென்பொருள் உட்கார்ந்து, அதை லேசர் அச்சுப்பொறியின் மொழியில் சொல்ல வேண்டும். கல்லூரியில் அந்த வேலையைச் செய்த மாற்றி, கணினியோடு சேர்ந்தே போயிருந்தது.

விலை கொடுத்து வாங்கலாமே என்று கேட்பார்கள். தொழிற்கூடத்தின் வழியாக வாங்கினால் ஒப்புதல் கிடைப்பதற்குள் ஷெட் திறந்துவிடும். என் கையிலிருந்து வாங்கிப் பிறகு அவர்களிடம் பணம் கேட்பது எனக்கு வழக்கமில்லை. ஆகவே இலவசமாகக் கிடைப்பதைத் தேட ஆரம்பித்தேன்.

அந்தத் தேடல் எனக்கு ஏதோ ஆளில்லாத குடியிருப்புக்குள் நடப்பதுபோல் இருந்தது. ஒருவர் எழுதிய பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டும். அங்கே போனால் அது இல்லாமல் போயிருக்கும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பேராசிரியர் எழுதிவைத்த மென்பொருளுக்குக் கீழே, இதை இனி என்னால் கவனிக்க இயலாது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்பு இருக்கும். அவருக்கு எழுதினால் மடல் திரும்பி வரும். இன்னொன்று இலவசம் என்று அழைத்துவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கிலும் தன் பெயரைச் சாம்பல் நிறத்தில் பெரிதாக அச்சிட்டது. சரியாக என் கூட்டல் குறியின்மேல். வேறொன்றைத் திறக்கவே கணினி மறுத்து, இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று எச்சரித்தது.

கடைசியில் ஒரு பெரிய இலவசத் தொகுப்புக்குள், லேசர் அச்சுப்பொறிக்கென்றே எழுதப்பட்ட ஒரு சிறு மாற்றி கிடைத்தது. அதனோடு வந்த உரிமக் குறிப்பை முழுவதும் படித்தேன். இந்த மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை; இதனால் விளையும் எந்தத் தீங்குக்கும் இதை எழுதியவர் பொறுப்பாகமாட்டார் என்று பெரிய எழுத்துகளில் போட்டிருந்தது. அப்படிப் போடுவது அந்த உலகத்தின் மரபு என்பதை அறிவேன். ஆயினும் நான் பெயர் போட்டுக் கொடுத்த எந்தத் தாளிலும் அத்தகைய வாசகத்தைச் சேர்த்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பொறுப்பு எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மாற்றிய கோப்பை எடுத்துக்கொண்டு படப்பைக் கடைத்தெருவில் லேசர் அச்சுப்பொறி வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முதல் முறை அச்சுப்பொறி தாள் தாளாக அர்த்தமற்ற குறிகளைத் துப்பியது. நிறுத்தினாலும் நிற்கவில்லை. கடைக்காரர் மின்செருகியைப் பிடுங்கிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா சார் இது, சாமி வந்த மாரி துப்பிக்கினே கீது? பேய் ஓட்டணும்னா அதுக்கு ரேட்டு வேற சார்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய அச்சுப்பொறியின் மாதிரியை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மாற்றிக்கு அதைச் சொல்லி, மறுநாள் மீண்டும் போனேன். இம்முறை கோடுகளும் எண்களும் என் பெயரும் துல்லியமாக வந்தன. ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. அபாயம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்த இடமும் வெள்ளையாக இருந்தது. நாங்கள் கல்லூரியில் உருவாக்கிய தமிழ் எழுத்துரு மாற்றிக்குத் தெரியாது; தெரியாததை அது சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அந்த ஊமைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பித் தேடினேன். பழைய குறுவட்டு ஒன்றில் அந்த எழுத்துரு இருந்தது. அதைக் கொடுத்தபின் எல்லாம் வந்தன. கடைக்காரரின் மேசையிலேயே எஃகு அளவுகோலை வைத்து, ஒவ்வொரு தாளின் அடிக்கோட்டையும் அளந்தேன். ஒவ்வொன்றும் நூறு. இருநூறு இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு.

தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று புதிய ஷெட்டுக்குள் சென்றேன். பிட்டர், பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்து, நிலம் ஆலையானபின் ஆலைக்குள் வந்தவர். அவரும் ஒரு பெண்ணும் நான்காம் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. அந்தப் பிரஸ்ஸில் வேலை செய்யப்போகிறவள். பிட்டர் என்னிடம் சொன்னார்: “இந்த மிஷினுன்னாலே நம்மூரு பசங்க தெறிச்சி ஓட்றானுங்க சார். வாச்மேனைப் பாக்குறானுங்க இல்ல. அதான் பரமக்குடியம்மா தலையில கட்டிட்டாங்க.”

அவள் துணியைப் பிழிந்துகொண்டே பேசினாள். “அதுக்கென்னண்ணே. ஷிப்டு முடிஞ்சதும் வெரல எண்ணிப் பாத்துட்டுத்தேன் நான் பஸ்ஸு ஏறுறது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இந்தத் தகடு மாட்டிட்டா வெரல் போகாதுல்ல சார்?”

போகாது என்றேன். தாளில் என் பெயர் இருக்கிறது என்றும் சொன்னேன்.

தாள்களோடு ஒரு பென் டிரைவையும் மேலாளரிடம் கொடுத்தேன். அதில் மாற்றிய கோப்பும், மாற்றுவதற்கு முன்னிருந்த பழைய பக்கக் கோப்பும் இருந்தன. மாற்றிய கோப்பைத் திறந்து பார்க்க முடியாது, அச்சுப்பொறிக்கு நேரே அனுப்ப வேண்டும், அதற்கு முன் என்னை அழையுங்கள் என்று சொல்லியிருந்தேன்; எழுதியும் கொடுத்திருந்தேன்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாமல் நடந்தது. முதல் மூன்று பிரஸ்களுக்கு என் தாள்களை ஒட்டித் துளை போட்டார்கள். அதற்குள் மீதித் தாள்களின்மீது எண்ணெய் கொட்டிவிட்டது. பிட்டர் அதை மேலாளரிடம் சொன்னார். மேலாளர் என்னை அழைக்கவில்லை. பெரியவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எண்ணியதாக அவர் பிறகு சொன்னார். மாற்றிய கோப்பு அவருடைய கணினியில் திறக்கவில்லை. ஆகவே அந்தப் பழைய பக்கக் கோப்பை இணையத்தில் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றினார். கோப்பைக் கொடுத்தால் மாற்றித் திருப்பித் தருகிறோம், இலவசம் என்று விளம்பரம் செய்யும் தளங்களில் ஒன்று. சில நொடிகளில் திரும்பி வந்தது. அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்.

இயந்திரங்களை ஓட்டித் தொடங்கும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளியும் வந்திருந்தார், பொருள் வாங்கும் பெரிய நிறுவனத்தின் பிரதிநிதியும் வந்திருந்தார். என்னையும் அழைத்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். குருக்கள் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தார். பெண் தொழிலாளர்கள் சந்தனமும் குங்குமமும் ஏந்திய தட்டுகளோடு இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பகுதி ஆலைகளில் இது வழக்கம். மோட்டாருக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று, டைக்கு ஒன்று. டை காப்புத் தகட்டுக்குப் பின்னால் இருப்பதால், தகட்டின் பூட்டைத் திறந்து, பொட்டு வைத்து, மறுபடி பூட்ட வேண்டும். முதல் மூன்று பிரஸ்களிலும் அப்படித்தான் செய்தார்கள், நான் பார்த்தேன்.

அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நான் நான்காம் பிரஸ்ஸின் முன் வந்தபோது காப்புத் தகடு பூட்டியபடியே இருந்தது. சாவி இன்னும் மூன்றாம் பிரஸ்ஸிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து இடைவெளி வழியாகப் பார்த்தேன். டையின் விளிம்பில், மேலிருந்து இரும்பு இறங்கும் இடத்தில், ஈரச் சந்தனத்தின் நடுவே சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

நிமிர்ந்தேன். சந்தனத் தட்டோடு அந்தப் பரமக்குடிப் பெண் அருகில் நின்றாள்.

“இந்தப் பொட்டை யாரம்மா வைத்தது?”

“நாந்தேன் சார்.”

“தகட்டைத் திறந்தா வைத்தாய்?”

“இல்ல சார், கையில தட்டு இருந்துச்சு. சும்மா வெரல விட்டேன். போயிருச்சு.”

சொல்லிக்கொண்டே தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நுனியில் குங்குமம் இருந்தது. காவலாளி நின்ற வாயிலின் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

சட்டைப் பையிலிருந்து என் பென்சிலை எடுத்தேன். முதலாம் பிரஸ்ஸுக்குப் போய் இடைவெளியில் வைத்தேன், இடித்து நின்றது. நான்காம் பிரஸ்ஸில் வைத்தேன். உள்ளே போயிற்று, மேலும் கீழும் ஆடிற்று. ஐந்திலும் ஆறிலும் அப்படியே. எஞ்சிய அளவுத் தாள் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று பிட்டரிடம் சொன்னேன். அவர் கொண்டுவந்த தாளில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. கடையில் நான் பார்த்த அதே ஊமைத் தாள்.

“எழுத்து இல்லாட்டி இன்னா சார்?” என்றார் பிட்டர். “ஓட்டைக்குத்தானே காயிதம்.”

அவரை நான் குறை சொல்லமாட்டேன். தாளையே நம்பு, அளக்காதே என்று அவருக்குக் கற்பித்த முறை அது. தாளின் அடியைப் பார்த்தேன். நூறு மில்லிமீட்டர் கோடு இல்லை.

காரணம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. வேறு ஏதோ ஒரு மாற்றி, எங்கள் எழுத்துருவை அறியாமல் விட்டுவிட்டு, அமெரிக்கர்கள் பயன்படுத்தும் தாள் அளவில் பக்கத்தை மாற்றியிருந்தது. அந்தத் தாள் நம் ஏ-நான்கு தாளைவிட நீளத்தில் குட்டை, அகலத்தில் சற்றே பெரியது. குட்டையானதால் அடிக்கோடு வெட்டுப்பட்டு விழுந்தது. அகலமானதால், நம் தாளுக்குள் அடக்குவதற்காக அச்சுப்பொறி முழுப் பக்கத்தையும் சிறிது சுருக்கியது. தவறைக் காட்டிக்கொடுப்பதற்கென்று நான் வைத்த கோட்டை அந்தத் தவறே முதலில் விழுங்கிவிட்டது. இருநூறு இருக்க வேண்டிய இடம் நூற்றுத் தொண்ணூற்று நான்காக ஆகியிருந்தது. துளை ஆறு மில்லிமீட்டர் மேலே ஏறியது. காப்புத் தகடும் ஆறு மில்லிமீட்டர் மேலே ஏறித் தொங்கியது. ஆறு என்ற இடைவெளி பன்னிரண்டானது. தாளிலோ, கூட்டல் குறிக்குப் பக்கத்தில் இருநூறு என்றே போட்டிருந்தது. மேல்மூலையில் என் பெயர் ஆங்கில எழுத்தில் தெளிவாக நின்றது. பேசக்கூடிய சொற்களில் அது ஒன்று மட்டுமே அந்தத் தாளில் தப்பிப் பிழைத்திருந்தது.

மேலாளர் என்னை ஓரமாக அழைத்துப்போனார். எண்ணெய் கொட்டியதையும் இணையத் தளத்தையும் அப்போதுதான் சொன்னார். எல்லாம் ஃப்ரீதானே சார், நீங்க எடுத்ததும் ஃப்ரீ, நான் எடுத்ததும் ஃப்ரீ என்றார். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சார், ஆறு மில்லி. காலைல ஒரு லாட்டு மட்டும் ஓட்டிட்டு மதியமே மாத்திடறேன். கஸ்டமர் நிக்கிறாரு. இப்ப நிறுத்தினா யாரு போட்டதுன்னுதான் முதல்ல கேப்பாரு. பேப்பர்ல என் பேரு இல்ல சார். உங்க பேருதான் இருக்கு.”

அவர் சொன்னது உண்மை. ஒரு லாட்டு, அதாவது ஒரு தொகுதித் துண்டுகளை, அடித்து முடிக்க அந்தப் பெண் எத்தனை முறை கையை நீட்ட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில் தயங்கினேனா என்று பின்னர் சிலர் கேட்டார்கள். உடனே பேசினேன் என்று எழுதினால் அது துல்லியமாக இராது. குருக்கள் ஏற்றிய கற்பூரம் எரிந்து அணையும் வரை பேசாமல் நின்றேன். பரமக்குடிப் பெண் தன் இடத்துக்குப் போய் நின்றுவிட்டாள். ஒப்பந்தத் தொழிலாளி நிற்கமாட்டேன் என்று சொன்னால் அடுத்த நாள் பேருந்தில் அவளுக்கு இடமிருக்காது. வலக்கையை மட்டும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

முதலாளி பொத்தானை அழுத்தக் கையை நீட்டியபோது நான் முன்னே போய் நின்றேன்.

“இந்தத் தாளில் என் பெயர் இருக்கிறது. தாள் தவறு. நான்கு, ஐந்து, ஆறு, இந்த மூன்று இயந்திரங்களும் ஓடக் கூடாது.”

இயந்திரம் எதுவும் ஓடாத ஷெட்டில் ஒரு குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்று அறிந்தேன். பிரதிநிதி மேலாளரிடம் இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல், பழைய புரொபசர், டிராயிங் இவர் கொடுத்தது, இன்டர்நெட்டில் ஏதோ ஃப்ரீ சாப்ட்வேரில் போட்டது என்று பதில் சொன்னார். அந்த இடத்தில் அவரைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் பேச்சு யாருடைய தவறு என்று திரும்பும். திரும்பிய பேச்சு முடிவதற்குள் யாராவது பொத்தானை அழுத்திவிடுவார்கள். ஆகவே வாய் திறக்கவில்லை. முதலாளி தலையசைத்தார். பிட்டர் போய் மூன்று இயந்திரங்களுக்கும் மின்சாரத்தைத் துண்டித்தார். பூசணிக்காயை உடைத்தார்கள், முதல் மூன்று பிரஸ்களை மட்டும் ஓட்டினார்கள்.

அடுத்த வாரத்தில் நானே தாள்களை அச்சிட்டு, நானே நின்று, மூன்றுக்கும் புதிதாகத் துளை போடவைத்தேன். பென்சில் நுழையவில்லை. அந்தப் பெண் இன்னும் நான்காம் பிரஸ்ஸில்தான் வேலை செய்கிறாள்.

ஆனால் அதோடு முடியவில்லை. துளை போட்டுக்கொண்டிருந்தபோது மேலாளர் ஒரு செய்தியைப் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஊமைத் தாளின் கோப்பு நன்றாக இருக்கிறதே என்று, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பிரஸ் வைத்திருக்கும் தமக்குத் தெரிந்த இன்னொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாராம். அழித்துவிடச் சொல்லிவிட்டேன் சார் என்றார். அழித்தார்களா, அழிப்பதற்கு முன் எத்தனை தாள் அச்சிட்டார்கள், அவர்கள் வேறு யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அந்த முகவரியை வாங்கிக்கொண்டு போனேன். வாயிலில் நிறுத்தி, அப்படி எந்தத் தாளும் இங்கே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உள்ளே பிரஸ் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்லூரியில் பாதுகாப்பு வார விழாவுக்கு ஆண்டுதோறும் என்னைத்தான் பேச அழைப்பார்கள். இந்த ஆண்டு அழைப்பு வரவில்லை. ஆசிரியர் அறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரரும் ஒருநாள் மெல்லக் கேட்டார்: “சார், அன்னிக்கு நம்ம கடைல பேய் ஓட்டினது பத்தலியா சார்?” கேலிதான், ஆனால் அவருக்கும் எட்டியிருக்கிறது. சென்ற மாதம் அந்தத் தொழிற்கூடத்தின் முன்னால் நடந்துபோனபோது காவலாளி வழக்கம்போல் இடக்கையால் வணக்கம் வைத்தார். வைத்துவிட்டு, நாலாம் நம்பர்ல மறுபடியும் ரத்தமாமே சார் என்று கேட்டார். அவர் அன்று வாயிலில்தான் இருந்தார். அவரிடமே கதை அப்படிப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகவே எழுதிவைக்கிறேன். நான் பயன்படுத்திய இலவச மென்பொருள் அளவை மாற்றவில்லை. அதில் அச்சிட்ட தாள்கள் ஒவ்வொன்றும் சரி. அளவு மாறிய தாள்கள் எனக்குத் தெரியாமல், வேறொரு தளத்தின் வழியாக அச்சானவை. வேறு தொழிற்கூடங்களைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல இயலாது. அந்த வெள்ளிக்கிழமை அந்த ஷெட்டில் எவருக்கும் விரல் போகவில்லை, ரத்தம் சிந்தவில்லை. டையின்மேல் இருந்தது குங்குமம்.